பேச்சுப் போனால் புத்தி போயிற்றா?

பெண்ணாடம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மனிதனுக்குத் திடீரென்று வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டால் உடனே நடக்கின்ற காரியங்கள் யாவரும் அறிந்ததேயாகும். ஒருவர் காற்றுக் கருப்பு என்கின்றார். மற்றொருவர் செய்வினை என்கின்றார். இன்னொருவர் புறாவை அறுத்து இரத்தத்தைத் தேய்க்கச் சொல்லுகின்றார். வேறொருவர் தலைவிதி என்று சொல்லிவிட்டு வீட்டிற்குப் போய்விடுகின்றார். இவ்வளவும் முடிவதற்குள் வைத்தியத்திற்கு உரிய காலம் கழிந்துவிடுகின்றது. பிறகு அம்மனிதன் உயிரோடிருந்தால், “புத்தி போய்விட்டது” என்று மூலையில் கிடத்திவிடுகின்றார்கள்.

பேச்சு நாக்கில் இருப்பதாகவும், அதைச் சரஸ்வதி எழுதிவிட்டுப் போனதாகவும் நினைப்பதால் வருகின்ற கேடே இது. 1861-ல் பாரிஸ் நகரத்தில் புரோக்கா என்ற வைத்தியர், “டான்” என்னும் ஓசையைத் தவிர வேறொன்றும் பேசமாட்டாதிருந்த ஒரு நோயாளி இறந்தபின் அவனது மூளையைச் சோதித்தார். இடது பக்கத்து முன்பகுதி பழுதுபட்டிருந்தது. அவனோ பிறர் சொன்னதைப் பெரும்பாலும் தெரிந்துகொண்டவன். 1874-ல் ஜெர்மனியில் வெர்னிக்கே என்பவர் வேறொரு வகையைக் காட்டினார். மூளையின் இடது பின்பகுதி கெட்டால் வார்த்தைகள் மளமளவென்று வரும். பொருள் மாத்திரம் இராது. பிறர் சொல்லுவதும் விளங்காது. இவர்களைத்தான் நம்மவர்கள் பைத்தியம் என்கின்றார்கள். இடது மூளையே வலது கை கால்களையும் ஆளுகின்றபடியால், வலது பக்கம் விழும்போது பேச்சும் சேர்ந்து கெடுகின்றதேயன்றி, இதில் பேய்க்கு யாதொரு வேலையும் இல்லை.

நமது நாட்டு உதாரணத்தையே பார்ப்போம். எம்.ஜி.ஆருக்கு 1967 ஜனவரியில் குண்டு பாய்ந்து குரல் மாறிற்று. அது தொண்டையில் நேர்ந்த கேடு. 1984 அக்டோபரில் நோய்ப்பட்டபோது பக்கவாதத்தால் பேச்சே குன்றிற்று. அது மூளையில் நேர்ந்த கேடு. அப்போது நாடெங்கும் பூசைகளும் நேர்த்திக்கடன்களும் நடந்தன. ஆனால் அவரைக் கொண்டுபோனது நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்கேயல்லாமல் எந்தச் சந்நிதிக்குமல்ல. பேச்சு முன்போல் திரும்பவில்லை. ஆயினும் 1985 பிப்ரவரியில் மீண்டும் முதல் மந்திரியாகி, 1987 டிசம்பரில் சாகும்வரை அப்பதவியில் இருந்தார். பெரிய மனிதருக்குப் பேச்சுக் குன்றினால் பதவி போவதில்லை. ஏழைக் குடியானவனுக்குக் குன்றினால் மாத்திரம் கால் காணி நிலத்தின் பாத்தியதையும் போய்விடவேண்டுமா என்று கேட்கின்றோம்.

நடப்பது அதுதானே! அவனைக் கேளாமலே பாகப் பிரிவினை பேசுகின்றார்கள். கையைப் பிடித்துப் பத்திரத்தில் ரேகை வைத்துக்கொள்ளுகின்றார்கள். பெண்ணாயிருந்தால் கேட்கவே வேண்டியதில்லை. பேச்சோடிருந்த காலத்திலேயே அவள் சம்மதத்தைக் கேட்டவர் யார்? 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டமோ மூளைக் கேட்டால் வரும் பேச்சு, மொழிக் குறைபாட்டை ஊனங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருப்பதோடு, சொத்து வைத்து ஆளும் உரிமை அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே உண்டு என்று சொல்லுகின்றது.

நிற்க, “ஒன்று, இரண்டு என்று எண்ணுகின்றான், பழைய பாட்டுப் பாடுகின்றான், தண்ணீர் கேட்க மாத்திரம் வாய் வரவில்லையா? எல்லாம் பாசாங்கு” என்று சிலர் சொல்லுகின்றார்கள். இது அறியாமையேயாகும். பழகிப்போன வரிசை தானே வரும். நினைத்த சொல்லைத் தேடி எடுப்பதே கஷ்டம். வலது மூளை கெட்டவர்களுக்குப் பேச்சு இருக்கும்; இடது பக்கத்திலுள்ள சோற்றைப் பாராமல் விட்டுவிடுவதும், கேலியை நிஜமென்று எடுத்துக்கொள்ளுவதும் உண்டு. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகமும் பொறுமையும் கெடுவதுண்டு. இவையெல்லாம் காயத்தின் குணமேயன்றி மனிதனின் குணமல்ல.

ஆகவே செய்யவேண்டியது என்ன? வாய் கோணுதல், கை விழுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 108-ஐக் கூப்பிடவேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் போடவேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்பே போடமுடியும். பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலமோ கடலூரோ சிதம்பரமோ போய்ச்சேரும் நேரமும் அந்த நாலரை மணிக்குள்ளேயே அடங்கவேண்டும். புறாவுக்கு அதில் இடமேது? பிறகு பேச்சுப் பயிற்சி கொடுத்தால் மாதக்கணக்கு கழிந்தும் முன்னேற்றமுண்டு. வீட்டார் செய்யவேண்டியது சுலபம்: செவிடனிடம் போலக் கத்தாதீர்கள், சிறு வாக்கியமாய்ப் பேசுங்கள், ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி கேளுங்கள், படத்தையும் பொருளையும் காட்டுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

மெய்கண்டார் பிறந்த ஊர் என்று பெண்ணாடத்தார் பெருமை பேசுகின்றார்கள். பேசமுடியாதவன் எதிரில் உட்கார்ந்து, அவன் என்ன நினைக்கின்றான் என்று பொறுமையாய்க் கேட்டுப்பாருங்கள். காணவேண்டிய மெய் அங்கேயே இருக்கின்றது.