நடப்பவர்களுக்கும் வரவு செலவில் இடம் வேண்டும்

ஒரு சங்கம் யாருடைய நன்மைக்காக நடைபெறுகிறது என்பதை அறிய, அதன் மகாசபையில் நிகழும் சொற்பொழிவுகளைக் கேட்க வேண்டியதில்லை. அதன் பேரேட்டைப் புரட்டினால் போதும். எந்தத் தலைப்பின் கீழ் எவ்வளவு பணம் செலவாயிற்று, எந்தத் தலைப்பு ஏட்டிலேயே இடம்பெறாமற் போயிற்று என்னும் இரண்டும் உண்மையைச் சொல்லிவிடும். கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பொருந்தும் இவ்வுரைகல் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் பொருந்துவதே. நம் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் ஆண்டுதோறும் சாலைகளுக்கென்று பெருந்தொகை ஒதுக்குகின்றன. அத்தொகையில் நடந்து செல்வோருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் என்று தனியே எழுதப்பட்ட பங்கு எவ்வளவு என்பதே இங்கு நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இக்கேள்வி நகரவாசிகளின் சௌகரியத்தைப் பற்றியது மட்டுமன்று; நம் அங்கத்தினர்களின் உயிரைப் பற்றியது. சிறுமுகையிலும் நெகமத்திலும் சென்னிமலையிலும் பவானியிலும் உள்ள நெசவாளர்கள் சங்கத்திலிருந்து நூலையும் பாவையும் பெற்றுச் செல்வதும், நெய்த துணியைத் திரும்பக் கொணர்ந்து ஒப்படைப்பதும் பெரும்பாலும் சிறிய வாகனங்களிலும் சைக்கிளிலும் கால்நடையாகவுமே. தொண்டாமுத்தூர்ப் பக்கத்து விவசாயி காய்கறிக் கூடையுடன் பொழுது புலருமுன் உழவர் சந்தைக்குப் புறப்படுகிறார். சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் இரவு முறை முடித்த தொழிலாளி மங்கிய வெளிச்சத்தில் சாலையைக் கடக்கிறார். இவர்களுக்கு நடை என்பது உடற்பயிற்சியன்று, பிழைப்பு.

மத்திய அரசாங்கம் வெளியிட்ட புள்ளிவிவரப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர்கள் 32,825 பேர்; சைக்கிளில் சென்றவர்கள் 4,836 பேர். அதாவது, ஐந்தில் ஒருவருக்கு மேல் எந்த எந்திரத்தையும் ஓட்டாதவர். பிறருக்கு எவ்வித ஆபத்தும் விளைவிக்க இயலாதவர். நாள் ஒன்றுக்கு இவர்களில் நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகளில் 17,884 உயிர்களை நாம் இழந்தோம். தொழில் வளத்தில் முன்னிற்கும் மாநிலம் இதிலும் முன்னிற்பது பெருமைக்குரியதன்று.

கோயம்புத்தூரில் ஒன்றுமே செய்யப்படவில்லை என்று நாம் கூறவில்லை. 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் சீர்மிகு நகரத் திட்டத்தின் முதல் இருபது நகரங்களுள் ஒன்றாகக் கோவை தேர்ந்தெடுக்கப்பட்டது. அத்திட்டத்தின் கீழ் ரேஸ்கோர்ஸ் சாலையும், ஆர்.எஸ்.புரத்தின் திவான் பகதூர் சாலையும் அகன்ற நடைபாதைகளுடன் மாதிரிச் சாலைகளாக அமைக்கப்பட்டன. குளக்கரைகளிலும் நடைபாதைகள் எழுந்தன. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு அவை சாட்சி. ஆனால் மாதிரி என்பது பின்பற்றுவதற்காக ஏற்படுவது. மாதிரிப் பண்ணையில் மட்டும் நல்ல விதை விளைந்து, சுற்றியுள்ள காடுகளில் பழைய பதரே விளையுமானால், அப்பண்ணையால் உழவனுக்கு என்ன பயன்? சீர்மிகு நகரத் திட்டம் 2025-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியோடு முடிவடைந்துவிட்டது. இனி இப்பணிகளுக்கான பணம் ஸ்தல ஸ்தாபனத்தின் சொந்தக் கணக்கிலிருந்தும் மாநில அரசாங்கத்தின் உதவியிலிருந்துமே பெரும்பாலும் வந்தாக வேண்டும்.

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளமுள்ள ஜி.டி. நாயுடு மேம்பாலம் திறக்கப்பட்டது. மாநில நெடுஞ்சாலைத் துறை அமைத்த இப்பாலத்திற்கு ஏறத்தாழ 1,791 கோடி ரூபாய் செலவாயிற்று. அது வேண்டாத செலவு என்று நாம் வாதிடவில்லை. வளரும் தொழில் நகருக்குப் பாலங்கள் தேவையே. ஆனால் மேலே செல்வோரின் நேரத்தை மிச்சப்படுத்த இவ்வளவு பெரிய தொகையைத் தேடிக் கொள்ளும் ஆற்றல் நமக்கிருக்கையில், கீழே சாலையைக் கடப்போரின் உயிரைக் காக்கச் சிறிய தொகைக்கு வழியில்லை என்று எவரும் சொல்வதை ஏற்க முடியாது.

உயிரைக் காக்கும் பணிகள் பெரும்பாலும் சிறியவையே. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி எடுத்துக் கொண்டால், அதற்குள் வண்டி சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த சாலையில் நிற்பதற்கு மேலும் அவ்வளவு தூரம் வேண்டும். வேகம் 30 கிலோமீட்டராக இருந்தால் மொத்தமே சுமார் 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். அதாவது, மெதுவாக வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த வண்டி பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்ச்சேத அபாயம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளி வாசலிலும் சந்தை முகப்பிலும் முறைப்படி அமைந்த வேகத்தடை, கடக்குமிடத்தில் நல்ல விளக்கு, சாலை நடுவே நின்று செல்ல ஒரு திட்டு ஆகியவை இவ்வேகத்தைக் குறைத்து நடப்பவருக்கு அவகாசம் தருபவை.

நடைபாதை என்ற பெயரில் அமைபவற்றிலும் கவனம் தேவை. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிமுறைப்படி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். அதன் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு ஏறி, பத்தடிக்கொரு முறை இறங்கி, நடுவே மின்மாற்றியைச் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தால், முதியவர்கள் அதை விட்டுத் தார்ச்சாலையில்தான் நடப்பார்கள். கிராமச் சாலைகளிலோ வேறு குறை. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர, ஓரத்து மண் தாழ்ந்தே கிடக்கிறது. பின்னால் லாரி ஒலியெழுப்பியதும் ஒதுங்க முயலும் சைக்கிள்காரர் அவ்விளிம்பில் சறுக்கிச் சக்கரத்தின் அடியில் விழுகிறார். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் மாநிலத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அவ்வுத்தரவு ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நிறைவேறுகிறதா என்று பார்ப்பது ஊராரின் கடமை.

நம் மாநில அரசாங்கம் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. நெசவாளர் வீட்டுப் பெண் மேல்வகுப்புக்குச் செல்ல அந்தச் சைக்கிள் ஒரு பெருந்துணை. ஆனால் சைக்கிளைக் கொடுத்த கை, அது ஓட ஒரு பாதையைக் கொடுக்கவில்லையே! நூலைக் கொடுத்துத் தறியைக் கொடுக்காதது போன்றது இது. தம் பெண் சாலையில் செல்வதற்கு அஞ்சிய தந்தை சைக்கிளை விற்றுவிட்டால், நட்டம் அப்பெண்ணின் படிப்புக்கே.

சட்டமும் இப்போது நடப்பவர் பக்கம் நிற்கிறது. இதில் கோவைக்குத் தனிப் பெருமை உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக, 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு ஏற்பட்டது. அவ்வழக்கின் தொடர்ச்சியில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் அங்கமே என்று 2025 மே மாதத்தில் நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டு அக்டோபரில், நடப்போரையும் எந்திரமற்ற வாகனங்களையும் பற்றிய விதிகளை ஆறு மாதத்திற்குள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமோ, சாலை அமைப்பில் விதிமுறை தவறி அதனால் உயிரோ உறுப்போ போகுமாயின், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

உரிமை எழுத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் பணம் ஒதுக்காத உரிமை, பங்குத் தொகை கட்டாத அங்கத்தினரைப் போன்றது; பெயர் பதிவேட்டில் இருக்கும், பலன் கிடைக்காது. இதை உணர்ந்தே சென்னை மாநகராட்சி 2014-இல் இந்நாட்டிற்கு ஒரு முன்மாதிரியாக எந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவிகிதம் நடப்போருக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிடப்பட வேண்டுமென்பது அதன் சாரம். தியாகராய நகரின் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019-இல் திறக்கப்பட்டதும் அவ்வழியில் வந்ததே. அங்கும் பல தெருக்களில் நடைபாதைகள் இன்னும் அடைபட்டுக் கிடப்பதை மறுக்க இயலாது. தீர்மானம் மட்டும் போதாது. அது நிறைவேறுகிறதா என ஆண்டுதோறும் கணக்குக் கேட்பவர்கள் வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

பணமில்லை என்பார் சிலர். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தெருக்களைத் தோண்டி, மறுபடியும் தார் போடுகிறோம். அந்த மறுசீரமைப்பின்போதே நடைபாதையையும் வரைபடத்தில் சேர்த்தால், தனியே ஒரு முறை தோண்டுவதைவிடச் செலவு வெகு குறைவு. சாலை குறுகலாயிற்றே என்பார் வேறு சிலர். குறுகிய சாலையில் நிற்கும் கார்களுக்கு இடம் இருக்கிறது, நடக்கும் மனிதனுக்கு இல்லை என்றால், குறுகலாக இருப்பது சாலையன்று, நம் முறையே. சைக்கிளின் காலம் மலையேறிவிட்டது என்போரும் உண்டு. ஆபத்தினால் குறைந்ததைத் தேவையில்லாததால் குறைந்ததென்று எண்ணுவது சரியான கணக்காகாது. ஹாலந்து நாட்டில் 1971-இல் சுமார் 3,300 பேர் சாலையில் மாண்டனர். அவர்களுள் நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் கிளர்ந்தெழுந்து, குழந்தைகளின் கொலையை நிறுத்துக என்று முழங்கினர். அதன் பிறகே அந்நாட்டின் அரசாங்கமும் நகரசபைகளும் சைக்கிளுக்கென்று பாதைகளை வகுத்தன. அந்நாட்டு மக்கள் பிறவியிலேயே சைக்கிள்பாதையுடன் வந்தவர்களல்லர், கேட்டுப் பெற்றவர்கள்.

நடைபாதை வியாபாரிகளை விரட்டுவதே தீர்வு என்பதையும் நாம் ஏற்க மாட்டோம். கீரைக் கட்டு விற்கும் மூதாட்டியும் நம் விளைபொருளுக்கு ஒரு வாயிலே. அவருக்கு ஓரிடமும் நடப்பவருக்கு ஓரிடமும் வரைபடத்திலேயே ஒதுக்குவதுதான் முறை.

இறந்த பின் கொடுக்கவும் நம்மிடம் பணம் உண்டு. அடையாளம் தெரியாத வாகனம் மோதி இறந்தோர் குடும்பத்துக்கு 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம் ரூபாயும், கடுங்காயமுற்றோருக்கு ஐம்பதாயிரம் ரூபாயும் வழங்கச் சட்டம் வழிவகுத்தது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவ ஏற்பட்டது. இவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம். எனினும் தறியை விட்டுப் போனவரை இரண்டு லட்சம் ரூபாய் திரும்பக் கொணராது. பின்னால் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியை முன்னால் செலவிடுவதே உண்மையான சிக்கனம்.

ஆகவே நாம் வற்புறுத்துவது நான்கு. முதலாவது, நம் வட்டாரத்தின் ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் சாலை நிதியில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை நடப்போருக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று தீர்மானம் போட்டுத் தனித் தலைப்பில் எழுத வேண்டும். இரண்டாவது, பள்ளி, சந்தை, மருத்துவமனை, சங்க அலுவலகம் ஆகியவற்றின் முன்பிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். மூன்றாவது, கட்டியதைப் பராமரிக்கவும் ஆண்டுதோறும் தொகை வைக்க வேண்டும். நான்காவது, ஊர் நடுவே செல்லும் சாலை தம்முடையதன்று என்று பஞ்சாயத்தும் நெடுஞ்சாலைத் துறையும் ஒன்றையொன்று கை காட்டாதபடி மாவட்ட ஆட்சியர் பொறுப்பை வரையறுத்துத் தர வேண்டும்.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. எந்த இடத்தில் அங்கத்தினர்கள் அஞ்சிக் கடக்கிறார்கள் என்பதை நிர்வாகக் குழு ஒரு தாளில் எழுதட்டும். அதைக் கிராம சபையிலும், நகரங்களில் பகுதி சபையிலும் வைத்துத் தீர்மானமாக்கட்டும். "நமக்கு நாமே" திட்டத்தில் பொதுமக்கள் ஒரு பகுதியைச் செலுத்த, மீதியை அரசாங்கம் ஏற்கிறது. பொது நல நிதியுள்ள சங்கங்கள் விதிகளுக்கு உட்பட்டு ஒரு விளக்குக் கம்பத்திற்காவது உதவலாம். தனி ஒருவர் மனு கொடுத்தால் கோப்பில் தங்கும்; முந்நூறு அங்கத்தினர்கள் கையெழுத்திட்டால் அதற்குப் பதில் வரும். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. சாலையிலும் ஒருவருக்கு ஓரிடம் என்று கேட்பது அதே நெறியின் தொடர்ச்சிதான். அடுத்த வரவு செலவுத் திட்டம் எழுதப்படுவதற்கு முன்பே இக்கோரிக்கை நம் ஊர்களிலிருந்து புறப்பட வேண்டுமென்று அங்கத்தினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.