மாட்டுக்கு வரும் சர்ரா, மனிதனின் சிறுநீரகம்

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கால்நடை ஓட்டி வருகிறவர்களில் சிலருக்காவது சர்ரா நோயைத் தெரிந்திருக்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல் அடிக்கும். இரத்தம் குறைந்து மாடு மெலியும், பால் வற்றும், முற்றினால் சுற்றிச் சுற்றி வந்து விழும். இந்த நோயை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோவது இரத்தம் குடிக்கும் மாட்டு ஈ. நோயை உண்டாக்குவது டிரிபனசோமா எவான்சி என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1880இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் அதைக் கண்டவர் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர். அது புலியையும் விடாது. 2000ஆம் ஆண்டு ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் புலிகள் வரிசையாக இறந்தது இந்த நோயால்தான். தேசிங்கு ராஜனின் குதிரையைப் பற்றிக் கதை கதையாய்ச் சொல்லும் ஊர் செஞ்சி. அந்தக் காலத்து லாயங்களை மட்டும் சர்ரா எட்டிப் பார்க்காமலா இருந்திருக்கும்?

மாட்டைக் கடித்த அதே ஈ மாட்டுக்காரரையும் கடிக்கிறது. ஆனால் அவருக்குச் சர்ரா வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று தேடிப் போனவர்கள்தான் கடைசியில் சிறுநீரக நோயின் வாசலில் போய் நின்றார்கள். ‘சிறுநீரகம் கெடுவதற்கு மரபணுதான் காரணம், கண்டுபிடித்துவிட்டார்கள், மாத்திரையும் வரப்போகிறது’ என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியின் வேர் இந்த ஆராய்ச்சிதான். செய்தி பொய்யில்லை. ஆனால் யாருக்கு அது பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டதால் பாதி உண்மையாக நிற்கிறது.

மனித இரத்தத்தின் தெளிநீரில் டிரிபனசோமா செத்துப்போகிறது என்பதை 1902லேயே லாவெரானும் மெஸ்னிலும் பார்த்துவிட்டார்கள். கொல்வது எது என்று உறுதியாகச் சொல்ல நூறாண்டு பிடித்தது. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் எத்தியென் பேஸ் என்பவரின் குழு 2003இல் ஏபிஓஎல்-1 என்ற புரதத்தை அடையாளம் காட்டியது. நாம் ‘நல்ல கொழுப்பு’ என்று சொல்லும் ஹெச்.டி.எல். துகளில் ஒட்டிக்கொண்டு அது இரத்தத்தில் சுற்றுகிறது. ஒட்டுண்ணி அந்தத் துகளைத் தீனி என்று நினைத்து விழுங்குகிறது. உள்ளே போன புரதம் சவ்வில் துளை போடுகிறது. மதகு உடைந்த ஏரிக்குள் வெள்ளம் புகுந்த மாதிரி, உப்பும் நீரும் பாய்ந்து ஒட்டுண்ணி ஊதிச் சாகிறது. இந்தப் புரதம் மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் சில பபூன் குரங்குகளுக்கும் உண்டு. மாட்டுக்கும் குதிரைக்கும் புலிக்கும் இல்லை.

இது ஆய்வகத்துக் கணக்கு. ஓர் ஆளின் உடம்பில் இதை நிரூபித்தது நம் நாட்டு நோயாளி ஒருவர். செஞ்சிக் கோட்டையையும் மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளையும் யுனெஸ்கோ 2025இல் ஒரே பட்டியலில் சேர்த்தது நினைவிருக்கும். நான் சொல்ல வரும் மகாராஷ்டிரத் தொடர்பு வேறு. அம்மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு 2004இல் மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் டிரிபனசோமா நெளிகிறது. இதே வகை ஒட்டுண்ணியால் வரும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குப் பழைய மருந்தான சுராமின் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். நாக்பூர் மருத்துவர் பி. பி. ஜோஷியும் சக மருத்துவர்களும் 2005இல் இதை வெளியிட்டார்கள். மாட்டுச் சர்ரா மனிதனைப் பிடித்ததாக இந்தியாவில் பதிவான முதல் நிகழ்வு இதுதான். சுற்று வட்டாரத்தில் 1,800க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, ஒட்டுண்ணி எதிர்ப்பட்டுப் போனதற்கான தடயம் பலரிடம் இருந்தது, ஒட்டுண்ணி ஒருவர் இரத்தத்திலும் இல்லை.

அப்படியென்றால் இவருக்கு மட்டும் ஏன்? பேஸ் குழு 2006இல் விடை சொன்னது. தாய்வழி வந்த பிரதி, தந்தைவழி வந்த பிரதி இரண்டிலுமே அவருடைய ஏபிஓஎல்-1 மரபணு உடைந்திருந்தது. அவர் இரத்தத்தில் அந்தப் புரதமே கிடையாது. குழாயில் அவருடைய தெளிநீரோடு அந்தப் புரதத்தைச் சேர்த்ததும் அது ஒட்டுண்ணியைக் கொல்லத் தொடங்கிவிட்டது.

இதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல் அமெரிக்காவில் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குச் சிறுநீரகச் செயலிழப்பு மற்றவர்களைவிட மிக அதிகமாக வருவது ஏன்? 2008இல் 22ஆம் குரோமோசோமில் எம்ஒய்ஹெச்-9 என்ற மரபணுவின் மேல் பழி விழுந்தது. 2010இல் மார்ட்டின் போலாக், டேவிட் ஃபிரீட்மன் ஆகியோர் பேஸ் குழுவோடு சேர்ந்து ‘சயன்ஸ்’ இதழில் எழுதியபோது, குற்றவாளி பக்கத்து வீட்டுக்காரன் என்று தெரிந்தது. ஏபிஓஎல்-1 தான் அது. ஆப்பிரிக்காவில் சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் அந்த மரபணுவில் ஜி1, ஜி2 என்ற இரண்டு மாற்றங்கள் பரவியிருந்தன. சாதாரண ஏபிஓஎல்-1க்குத் தப்பிவிடும் தூக்க நோய் ஒட்டுண்ணியையும் இவை கொல்லக்கூடியவை. ஒரு பிரதி இருந்தால் கேடயம். இரண்டு பிரதியும் மாறியிருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. நீலகிரிப் பழங்குடிகளிடம் உள்ள அரிவாள் செல் மரபணுவின் கதையும் இதேதான். ஒரு பிரதி மலேரியாவிலிருந்து காக்கும், இரண்டு பிரதி நோய் தரும்.

இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். மாறிய மரபணு சிறுநீரகத்துக்குத் தேவையான வேலையைச் செய்யாமல் விடுவதால் நோய் வருகிறதா, செய்யக்கூடாத வேலையைச் செய்வதால் வருகிறதா? மருந்தின் திசையே இதைப் பொறுத்தது. முதலாவது என்றால் புரதத்தைக் கொடுக்க வேண்டும், இரண்டாவது என்றால் அடக்க வேண்டும். இதைச் சோதிக்க, அந்தப் புரதம் அறவே இல்லாத ஒரு மனிதர் வேண்டும். சந்திரபூர் விவசாயி ஏற்கெனவே இருந்தார். 2012இல் வெளியான ஓர் ஆய்வு அவரையும் அவர் ஊரையும் மறுபடி பார்த்தது. அவருக்கு அந்தச் சிறுநீரக நோய் இல்லை. புரதம் இல்லாமலும் சிறுநீரகம் கெடவில்லை, ஆகவே மாறிய புரதத்தின் நஞ்சுதான் கெடுக்கிறது. காய்ச்சலுக்குச் சிகிச்சை தேடி வந்த ஒரு கிராமத்து மனிதர் உலகச் சிறுநீரக ஆராய்ச்சிக்கு இவ்வளவு பெரிய விடையைத் தந்திருக்கிறார். அதை நாம் பேசுவதே இல்லை.

மாற்றுச் சிறுநீரக அறுவைகளும் இதையே காட்டின. கெட்ட மரபணு சிறுநீரகம் பெற்றவரிடம் இருந்தால் பெரிய பாதிப்பில்லை, கொடுத்தவரிடம் இருந்தால் அந்தச் சிறுநீரகம் சீக்கிரம் பழுதாகிறது. அதாவது இரத்தத்தில் சுற்றும் புரதத்தால் தொல்லையில்லை. சிறுநீரகத்தின் வடிகட்டியில் உள்ள போடோசைட் செல்கள் தமக்குள்ளேயே தயாரிக்கும் புரதம்தான் அவற்றைத் துளைக்கிறது. ஒட்டுண்ணியைக் கொன்ற அதே துளைதான். வடிகட்டி கிழிந்து சிறுநீரில் புரதம் கொட்டுகிறது. இந்தத் துளையை அடைக்க இனாக்சாப்ளின் என்ற மாத்திரையை வெர்டெக்ஸ் நிறுவனம் சோதித்தது. 2023இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனை முடிவில், கணக்கில் எடுத்துக்கொண்ட 13 பேரின் சிறுநீர்ப் புரதம் சராசரியாகப் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. 13 பேரை வைத்து ஆரவாரம் செய்யக்கூடாது. ஆனாலும் சிந்தனை சரியான வழியில் போகிறது என்பதற்கு அது சாட்சி.

சரி, செஞ்சிக்காரருக்கு இந்த மாத்திரை உதவுமா? அநேகமாக உதவாது. ஜி1, ஜி2 மாற்றங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குரியவை, தென்னிந்தியரிடம் காண்பது அரிது. கைப்பேசிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டி இந்த மரபணுவுக்குச் சோதனை செய்துகொள்வது, நம்மில் பெரும்பாலோருக்கு வீண் செலவு.

நம் பக்கத்துச் சிக்கல் வேறு. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தைக் கெடுப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டும் இல்லாமலேயே, வெயிலில் வேலை செய்யும் விவசாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை, செஞ்சிக்காரர்கள் பஸ் ஏறிப் போகும் புதுச்சேரி ஜிப்மரின் மருத்துவர்களே கவனித்தார்கள். 2020இல் அதற்குத் ‘தொண்டைமண்டலச் சிறுநீரக நோய்’ என்று பெயரிட்டு எழுதினார்கள். ஆந்திரத்தின் உத்தானம், இலங்கையின் அனுராதபுரம் ஆகிய இடங்களில் பார்த்ததன் உறவினர் அது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. வெப்பம், நீர்வற்றல், குடிநீர், பூச்சிமருந்து, வலிமாத்திரை என்று பலதும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன.

இரண்டு நோய்க்கும் உள்ள பெரிய வேறுபாடு சிறுநீரகத்தின் எந்தப் பகுதி கெடுகிறது என்பதில் இருக்கிறது. ஏபிஓஎல்-1 நோய் வடிகட்டியைத் தாக்குகிறது, சிறுநீரில் புரதம் நிறையப் போகும். நம் பக்கத்து நோய் நுண்குழாய்களையும் அவற்றின் இடைத்திசுவையும் தாக்குகிறது. புரதம் அதிகம் போகாது, கால் வீங்காது, கொதிப்பும் கடைசிவரை ஏறாமல் இருக்கலாம். சிறுநீர்ச் சோதனையில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்ததும் நிம்மதியாக வீடு திரும்பி, சில வருடங்களில் டயாலிசிஸில் போய் நிற்கும் நிலை இதனால்தான் வருகிறது. மரபணுச் செய்தியைவிட இந்த ஒரு விஷயம் ஊர் ஊராய்ப் பரவினால் எவ்வளவோ நல்லது.

வெயிலில் வேலை செய்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை சிறுநீர்ச் சோதனையோடு இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்குவதைத் தடுங்கள்.