கடைசி வண்டிக்கு முன்

இலக்கியக் கூட்டங்களுக்குச் செல்லும் வழக்கமுடையோர் இக்காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். யாழ்ப்பாண நகரில் மாலை நான்கு மணிக்கென அறிவிக்கப்பட்ட கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்குகின்றது. தலைமையுரையும் வாழ்த்துரைகளும் நீண்டு முடிந்து, ஆய்வுரையாளர் எழுந்து நிற்கும் வேளையில், பின்வரிசையில் நாலைந்து பேர் குடையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியேறுகின்றனர். உரையில் நாட்டமின்மையால் அன்று. அவர்கள் பருத்தித்துறைக்குப் போக வேண்டியவர்கள்.

பருத்தித்துறை யாழ் நகரிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடற்கரைப் பட்டினம். 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறையை எட்டிய புகையிரதப் பாதை இப்பட்டினத்தை என்றுமே எட்டியதில்லை. ஆகவே நீர்வேலி, புத்தூர், வல்லை, நெல்லியடி எனச் செல்லும் தெருவும் அதில் ஓடும் பஸ் வண்டியுமே சொந்த வாகனம் இல்லாதாரை நகரோடு பிணைக்கின்றன. காலையில் மாணவரும் ஆசிரியரும் நெருக்கியடித்து ஏறுமளவுக்கு வண்டிகள் உண்டு. இருள் கவிந்தபின்னரோ அவை அருகிவிடுகின்றன. வீடுகளற்று விரிந்து கிடக்கும் வல்லை வெளியை இரவிலே சைக்கிளில் கடக்குமாறு ஒரு மாணவியிடம் எவர் கூறுவார்? அவள் கூட்டத்துக்கு வராமலே விடுகிறாள். நூலகத்திலும் பாதிப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுகிறாள்.

1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டபோது, வண்டி ஓடுவது இலாபத்துக்காக மட்டுமன்று என்ற கொள்கை நாட்டில் வேரூன்றியது. 1979இல் தனியாருக்கும் இடமளிக்கப்பட்டது. இரு சாராரும் இன்று ஒரே தெருவில் ஓடுகின்றனர். பயணிகள் நிறைந்த வேளையில் ஒருவரையொருவர் முந்துவோர், பயணிகள் குறைந்த வேளையையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாகாதா? வார இறுதியிலேனும் இரவு எட்டு மணிக்குப்பின் நிச்சயமாகப் புறப்படும் வண்டி ஒன்று வேண்டும். அதன் நேரம் நிலையத்திலே எல்லோரும் காணுமாறு தமிழில் எழுதித் தொங்கவிடப்படல் வேண்டும். வருமோ வராதோ என்ற ஐயம் உள்ளவரை அவ்வண்டியை நம்பி எவரும் நகரில் தங்கமாட்டார். ஏறுவாரில்லை என்ற காரணங் காட்டி அதுவும் நிறுத்தப்பட்டுவிடும்.

கூட்டம் நடத்தும் அன்பர்களுக்கும் ஒரு சொல். குறித்த நேரத்தில் தொடங்குங்கள், வாழ்த்துரைகளைச் சுருக்குங்கள். தாமதமாகத் தொடங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் தொலைவிலிருந்து வந்தவரின் பங்கிலிருந்தே கழிகின்றது. நகரில் வாழ்வோர் அதனை உணர்வதில்லை.

கல்வியும் கலையும் எல்லோர்க்கும் உரியன என மேடைதோறும் முழங்குகிறோம். அம்முழக்கத்தை இறுதிவரை இருந்து கேட்கும் வாய்ப்பு பருத்தித்துறையாருக்கும் கிட்டவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.