பம்பைக் கழற்ற முன்னர் டேங்கைப் பாருங்கள்

பெரும்போக உழவு தொடங்கும் நாட்களில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எங்களிடம் வருகின்றவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, "காக்கா, மெசின் ஸ்டார்ட் ஆகுதில்ல, பம்ப் போயிட்டுது" என்பதுதான். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டால் சரியான பதில் வராது. பக்கத்து வயல்காரர் சொன்னார் என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலானோரின் பம்பில் ஒரு குறையும் இருக்காது. டீசல் பம்புக்கு வந்து சேர்ந்திருக்காது, அவ்வளவுதான்.

இதில் போகின்ற காசு கொஞ்சமல்ல. பம்பைக் கழற்றி, டவுனுக்கு அனுப்பி, திருத்தி எடுத்து மீண்டும் பூட்ட நாட்கள் பிடிக்கும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி தீர்மானித்த பிறகு ஊர் முழுவதும் ஒரே நேரத்தில்தான் உழ வேண்டும். அந்தக் கிழமையில் மெசின் படுத்தால் கூலி உழவு வருமானமும் போகும், சொந்த வயலுக்கு வேறு மெசினும் கிடைக்காது.

எங்கள் பக்கத்தில் இன்னும் வயலில் இறங்கும் மெஸி பேர்கசன் 135 ஐ எடுத்துக்கொள்வோம். 1964 இல் வெளிவந்த மாடல் அது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் என்ஜின் உள்ளது. மெசின் சுற்றவே இல்லையென்றால் அது பெட்டரி, ஸ்டார்ட்டர் விடயம். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் புகைக்குழாயைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

புகை இல்லையா, டேங்கிலிருந்து தொடங்குங்கள். டேங்க் பைப் திறந்திருக்கிறதா? மூடியிலுள்ள காற்றுத் துவாரம் சேறு அடைத்துக் கிடக்கிறதா? அது அடைத்தால் மெசின் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். நிறுத்துவதற்கு இழுக்கும் கம்பி துருப்பிடித்துப் பாதியில் நின்றாலும் பம்ப் டீசலை விடாது. இதைக் கவனிக்காமல் பம்பையே கழற்றியவர்களும் இருக்கிறார்கள்!

அடுத்தது பில்டர். அடியிலுள்ள நட்டைத் தளர்த்தி ஒரு போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். பிறகு காற்று எடுக்க வேண்டும். என்ஜின் பக்கத்திலுள்ள சிறிய பம்பின் கைப்பிடியை அடித்து முதலில் பில்டர் தலையிலும், பின்னர் பெரிய பம்பிலுள்ள இரண்டு ஸ்குரூக்களிலும் நுரையில்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள். கைப்பிடி அடிக்க அடிக்க இறுக்கமே இல்லையென்றால் பம்ப் பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். உள்ளே கேம் மேலே நிற்கும். என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். கடைசியாக இன்ஜெக்டர் பைப் நட்டுக்களைத் தளர்த்தி, அக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து சுற்ற வேண்டும். அந்த இடத்தில் கை வைக்கக்கூடாது. அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

இப்படிக் காற்றும் தண்ணீரும் ஏன் வருகின்றன? 2022 இல் வரிசையில் நின்று, கையில் கிடைத்த கேனிலெல்லாம் டீசல் வாங்கி வைத்தோம். தட்டுப்பாடு போன பிறகும் பலருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. மூடியில்லாத பீப்பாய், வாளியால் அள்ளி ஊற்றுவது, துணி கூட வைத்து வடிக்காதது என்று எல்லாம் டேங்குக்குள் போகிறது. அரை டேங்கோடு மெசினை மழைக்காலத்தில் நிறுத்தினாலும் உள்ளே ஈரம் படியும். மாலையில் நிரப்பி வைப்பது நல்லது. இந்த மெசின்களின் பம்புக்கு டீசலே எண்ணெய். தண்ணீரும் மண்ணெண்ணெய்க் கலப்பும் அதை உள்ளிருந்து தின்றுவிடும்.

எங்கள் வியாபாரிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்குவது சுலபம். ஆனால் தேவையில்லாத பம்ப் கிட்டை வாங்கிப் போனவர் மெசின் அப்போதும் பிடிக்காவிட்டால் எங்கள் கடைக்குத் திரும்பி வரமாட்டார். காற்று எடுத்தீர்களா, பில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்பதில் என்ன நட்டம்? ஒரு பில்டரும் இரண்டு செம்பு வொஷரும் விற்றால் போதுமென்ற நாளும் இருக்கட்டும். மலிவான போலி பில்டரை நல்லதென்று கொடுப்பது இன்னும் மோசம். அதில் மிஞ்சும் சில நூறு ரூபா பின்னர் பம்புக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும்.

எல்லாம் பார்த்து, பம்பின் வாய்வரை சுத்தமான டீசல் வந்து, நிறுத்தும் கம்பியும் முழுதாக விட்டு, அப்போதும் இன்ஜெக்டர் பைப்பில் ஒன்றும் வரவில்லையென்றால் பம்பைச் சந்தேகிக்கலாம். அப்போதும் மரத்தடியில் சாக்கு விரித்துத் திறக்க விடாதீர்கள். பரிசோதிக்கும் மெசின் வைத்திருக்கும் இடத்துக்கே அனுப்புங்கள்.