மோட்டாரை மாற்றுமுன் குழாயைப் பாருங்கள்

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மோட்டாரும் ஓடுகிறது. ஆனால் கடைசிப் பாத்தி நனைவதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. இந்த நிலையில் சிறு விவசாயிகள் பலர், கடன் வாங்கியாவது பெரிய மோட்டார் மாட்டிவிடுகிறார்கள். ஆனால் குறை பல தோட்டங்களில் மோட்டாரில் இல்லை, குழாயில்தான் இருக்கிறது.

குழாயில் ஓடும் தண்ணீர் அதன் உட்சுவரில் உராய்கிறது. பம்பின் சக்தியில் ஒரு பங்கு அந்த உராய்வுக்கே போகிறது. சில குளிர்பதன இயந்திரங்களில் குழாயின் உட்புறத்தில் வேண்டுமென்றே வரிவரியாக மேடு அமைப்பார்கள். உராய்வு கூடினாலும் வெப்பம் விரைவாக மாறும் என்ற ஆதாயம் அங்கே உண்டு. வயலுக்குப் போகும் குழாயில் உராய்வு முழுவதும் நஷ்டமே.

விநாடிக்கு 5 லிட்டர் தண்ணீர், உள்விட்டம் 2 அங்குலமுள்ள பி.வி.சி. குழாயில் 100 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். உராய்வில் போகும் சக்தி, அதே தண்ணீரைச் சுமார் 12 மீட்டர் உயரம் ஏற்றப் போதும். 3 அங்குலக் குழாயானால் இழப்பு 2 மீட்டருக்கும் குறைவு. சிறிய குழாய் போட்டவர், தம் கிணற்றைத் தாமே 10 மீட்டர் ஆழமாக்கிக்கொண்டவர் போலத்தான். பழைய குழாயிலேயே பெரிய மோட்டாரை வைத்து இரண்டு மடங்கு தண்ணீர் தள்ள நினைத்தால், உராய்வு ஏறக்குறைய நாலு மடங்காகிவிடும்.

பெரிய குழாய்க்கு விலை கூடுதல் என்பது மெய்தான். ஆனால் உழவு படாத ஆழத்தில் பதித்த குழாய் பல ஆண்டு உழைக்கும். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால் இந்த நஷ்டம் ரசீதில் தெரிவதில்லை. வாடும் பயிரில் தெரிகிறது. டீசல் என்ஜின் வைத்திருப்பவருக்கோ அன்றாடம் மடியிலிருந்தே போகிறது.

எனவே விவசாயிகள் முதலில் குழாயைக் கவனிப்பது நலம். உறிஞ்சு குழாய், வெளியேற்றும் குழாயைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். குறுகலான எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவுள்ள பெண்டு போடலாம். புட்வால்வில் அடைத்த பாசியையும் குப்பையையும் அவ்வப்போது நீக்க வேண்டும். குழாயைப் பெரிதாக்கினால் பம்பு கூடுதல் தண்ணீர் இறைக்கும். அதனால் மோட்டாருக்குப் பளு ஏறலாம். புதிய உயரக் கணக்குக்கு அந்தப் பம்பு பொருந்துமா என்று வேளாண்மைப் பொறியியல் துறையினரைக் கேட்டுக்கொண்டு செய்வதே முறை.

பெரிய மோட்டாருக்குக் கடன் கேட்டு வங்கிப் படி ஏறுமுன், விவசாயி ஒரு அளவு நாடாவுடன் கிணற்றுமேட்டுக்குப் போய் வரட்டும்.