கை தூக்கத்தானா கவுன்சிலர்?

பேரூராட்சிக் கூட்டம் எப்படி நடக்கிறது? தெருவிளக்குச் சாமான், குழாய்ப் பழுது, பிளீச்சிங் பவுடர் என்று தீர்மானங்களை மளமளவென வாசிப்பார்கள். பல செலவு முன்பே ஆகியிருக்கும். மன்றம் பின்னால் அனுமதி கொடுக்கும். "ஏகமனதாக" என்று எழுதிவிட்டுக் காபி குடித்துக் கலைவார்கள்.

2022 பிப்ரவரியில் ஓட்டு வாங்கி ஜெயித்தார்கள். ஏப்ரலில் சொத்து வரி உயர்வு உத்தரவு வந்தது: 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50 சதவீதம். சென்னையைக் கேட்டால் டில்லியைக் கை காட்டிற்று. வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்தால்தான் 15-வது நிதிக்கமிஷன் மானியமாம்! பெரிய வீட்டுக்கு 100 சதவீதம் என்கிறார்கள். பங்களாக்காரனுக்கு அது ஒரு செலவா? தீப்பெட்டி ஆபீசில் உழைக்கும் பெண்ணுக்கு 25 சதவீதமே அடுப்பில் கை வைப்பது.

அந்த மானியத்தில் 100-க்கு 60 ரூபாய் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று விதி. 2021 முதல் 2026 வரையிலான பணத்தில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு? மழை பெய்தால் கரிசல் சகதி கணுக்காலுக்கு ஏறும் கூலிக்காரர் தெருவுக்கு வாறுகால் வந்ததா?

இன்னொரு அநியாயம். 2005-ம் வருஷச் சட்டம் 100 நாள் வேலையைக் கிராம ஊராட்சிகளுக்குத்தான் கொடுத்தது. கழுகுமலை பேரூராட்சி, ஆகவே இங்கே பருத்திக் காட்டுக்குப் போகும் கூலிக்காரர் நகரவாசியாகிவிட்டார்! ராஜ்ய சர்க்கார் 100 கோடி ரூபாய் என்று அறிவித்த நகர்ப்புற வேலைத்திட்டமும் சோதனை என்று சில ஊர்களோடுதான் தொடங்கியது. வேலை கேட்டால் இது நகரம். வரி கேட்கவும் நகரம்.

வார்டு வாரியாக வரவு செலவுக் கணக்கை எழுதிப் பேரூராட்சி ஆபீஸ் வாசலில் ஒட்டவேண்டும் என்று கோருகிறோம். ஒட்டாவிட்டால் அடுத்த கூட்டத்தன்று அரையாண்டு வரி ரசீதுகளோடு அந்த வாசலுக்கே வருவோம்.