சேதாரம் யாருக்கு?

பெற்ற தாயின் நகையிலும் பத்தர் பொன் திருடுவார் என்று பழமொழியே வைத்திருக்கிறோம். சரி, இப்போது நம் காசில் கை வைப்பது யார்?

சேதாரம் என்பது அரம் போட்டு ராவும்போதும் மெருகேற்றும்போதும் உதிரும் தூளுக்கான கணக்கு. அச்சில் உருக்கி ஊற்றிய கம்மலுக்கும், மெஷின் பின்னிய செயினுக்கும் பெரிய கடைகள் அதே பெயரில் சதவிகிதம் போடுகின்றன. ஏ.சி.யில் கூல்டிரிங்க் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் கட்டுகிறோம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் பத்தரிடம் மட்டும் கூலியில் நூறு ரூபாய் குறைக்க மணிக்கணக்கில் பேரம்!

அவர் பொடி வைத்து ஊதுவார். பற்றவைத்த இடம் தெரியாமல் ராவுவார். விரலால் தடவிப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் மறுபடி அரம். தோட்டின் பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. அதையும் வழவழப்பாக்கினால்தான் அவருக்கு நிம்மதி. அது அவருக்கு ஒரு சுகம். காதில் உறுத்தாதது நமக்குச் சுகம். பில்லில் இதற்கு இடமே கிடையாது.

1963-ல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று அரசாங்கம் சொன்னபோது பட்டறைகள் முடங்கின. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-லேயே போய்விட்டது. இப்போது முடக்குவது நாம்தான்.

தரத்தில் சந்தேகமா? ஹால்மார்க் மையத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். அடுத்த தோட்டைப் பத்தரிடம் செய்யக் கொடுங்கள். 'நாளைக்கு வாங்க' என்பார். கோபப்படாதீர்கள். மெருகு போட நேரம் வேணாமா, சார்?